அம்மா கையால எழுதின 11 தமிழ் நோட்டு இருக்கு, என்ன செய்யலாம்னு சொல்லுங்க

மோல்மேன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிக்கிட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன். எங்கம்மா போன வருஷம் மழக்காலத்துல தவறிட்டாங்க. பர்மாவுல மோல்மேன்ல இருந்து முடோன் போற ரோட்டுல ரப்பர் தோட்டத்துக்குள்ள எங்க ஊரு, மோன் ஆளுங்க, பர்மா ஆளுங்க, நம்ம ஆளுங்க எல்லாம் கலந்து இருக்கற ஊரு. அம்மா அங்க கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல்ல சயாமாவா, அதான் டீச்சரம்மாவா இருந்தாங்க. பகல்ல வெள்ள சட்ட பச்ச லுங்கி கட்டிக்கிட்டு பர்மா பாடம் நடத்துவாங்க, சாயங்காலம் அதே கையோட வந்து சேலய சுத்திக்கிட்டு வீட்டுத் தாழ்வாரத்துல தமிழ் சொல்லிக் குடுப்பாங்க. தமிழுக்கு ஒரு ஜாட் காசு வாங்கினது கெடையாது. யாராச்சும் வெத்தல, வாழக்காய், ரெண்டு படி அரிசின்னு கொண்டாந்து வச்சிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்.

இப்ப விஷயம் என்னன்னா, அம்மா கையால எழுதின பாட நோட்டு 11 இருக்கு. 1965ல தனியார் ஸ்கூல் எல்லாத்தையும் கவர்மெண்ட் எடுத்துக்கிட்டப்ப தமிழ்ப் பள்ளிக்கூடமும் அதோட போயிருச்சு, அம்மா அதுவரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, அதுக்கப்புறம் பர்மா ஸ்கூலுக்கு மாறிட்டாங்க. ஊர்ல தமிழ்ப் புஸ்தகம் வாங்கறதுக்கு வழி இல்ல, பாதிப் பேரு கப்பல் ஏறிப் போயாச்சு, கோயில்ல ஒண்ணு ரெண்டு பழய பாடப் புஸ்தகம் கரையான் அரிச்சுக் கெடந்துச்சு. அதப் பாத்துப் பாத்து, நம்ம ஊருப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி எழுதினதுதான் இந்த நோட்டு. அடியில கார்பன் பேப்பர் வச்சு அழுத்தி எழுதுவாங்க, ஒரே தடவையில மூணு காப்பி, மூணாவது காப்பி மங்கலா இருக்கும், அது எப்பவும் எங்களுக்கு, நல்லதெல்லாம் மத்த பிள்ளைங்களுக்கு. முதுகு கிழிஞ்சா ரப்பர் பால் தடவி ஒட்டுவாங்க, தோட்டத்துல அதுக்கா பஞ்சம்.

தம்பி என்ன சொல்றான்னா எல்லாத்தையும் கோயிலுக்குக் குடுத்துருவோம்ங்கறான். எனக்கு மனசு வரல. வீட்ல வச்சிருந்தா எங்க ஊரு மழையில ரெண்டு வருஷத்துல பூஞ்ச புடிச்சுரும். என்ன செய்யலாம்? உங்க ஊர்லயும் இப்படிச் சொல்லிக் குடுத்தவங்க இருந்தாங்களா, அவங்க எழுதினதெல்லாம் என்ன ஆச்சு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சால்வீன் கரை:
ஆழ்ந்த அனுதாபம் தம்பி. எந்த ஊருன்னு நீங்க சொல்லலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, எங்க சித்தி மகன் அங்கதான் படிச்சான்.

தட்டோன் மண்ணு:
தம்பி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. எனக்குச் சொல்லிக் குடுத்த டீச்சரம்மாவும் இதே மாதிரிதான், பகல்ல பர்மா ஸ்கூலு, ராத்திரி கோயில் மடப்பள்ளித் திண்ண. கரண்டு கெடையாது, மெழுகுவத்தி ஆளுக்கு ஒண்ணு கொண்டு போகணும், கொண்டு போகாதவன் பக்கத்துப் பையனோட ஒட்டி உக்காரணும், அப்படித்தான் நாங்கல்லாம் சிநேகிதமானோம்.

நான் சொல்ல வந்தது தடிஞ்சுப் பண்டிக பத்தி. அக்டோபர் பௌர்ணமி முடிஞ்சதும் பர்மாப் பிள்ளைங்க பழம், பிஸ்கோத்து, மெழுகுவத்தி எடுத்துக்கிட்டு வாத்தியார் வீடு வீடா வந்து தரையில விழுந்து கும்பிடுவாங்கல்ல, எங்க டீச்சரம்மாவுக்கு அது ஆரம்பத்துல ரொம்பக் கூச்சமா இருக்குமாம். பர்மாக்காரங்களுக்குப் புத்தர், தர்மம், சங்கம், தாய்தகப்பன், வாத்தியார் அஞ்சும் ஒரே வரிசை, அஞ்சுக்கும் ஒரே கும்பிடு. நாம மாதா பிதா குரு தெய்வம்னு வாயால சொல்றோம், அவங்க வருஷா வருஷம் முட்டி போட்டுச் செய்யறாங்க. டீச்சரம்மா பெத்த பிள்ளைங்களும் அந்த வரிசையிலயே நின்னு கும்பிடுவாங்க, தாய்க்கும் சேத்து வாத்தியாருக்கும் சேத்து ரெண்டு தடவ கும்பிடணுமான்னு ஒரு தடவ சின்னவன் கேட்டான், அவங்க அவனப் புடிச்சு மடியில உக்கார வச்சுக்கிட்டது இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

இன்னொண்ணும் இருக்கு. 82ல குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் ரோஸ் அட்ட நீல அட்ட பச்ச அட்டன்னு பிரிச்சாங்க, ஊர்ல பெருசுங்களுக்குப் பர்மா எழுதத் தெரியாது, தாத்தா எப்ப வந்தாரு எந்த ஊர்ல பொறந்தாருன்னு ஒண்ணொண்ணா கேட்டு அத்தன பேருக்கும் மனு எழுதிக் குடுத்தது எங்க டீச்சரம்மாதான். அவங்க எழுதின காகிதம் ஒண்ணு கூட யார்கிட்டயும் இப்ப இல்ல. அதனால தம்பி, நோட்ட விட்டுராதீங்க.

வியாசர்பாடி பர்மா:
நாங்க 65ல மெட்ராஸ் வந்த குடும்பம். எங்க ஆயா ரங்கூன்ல தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர். நகநட்டு வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க டிரங்குப் பொட்டியில ஒரு சிலேட்ட மட்டும் துணியில சுத்தி வச்சுக் கொண்டு வந்தாங்களாம். இங்க வந்து அவங்க டீச்சர் ஆகல, அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் கட போட்டுத்தான் ஆறு பிள்ளைங்களயும் படிக்க வச்சாங்க, கடையில சும்மா நிக்கற பசங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவாங்க. அந்த சிலேட்டு எங்ககிட்ட இருக்கு, நடுவுல விரிசல்.

நோட்டு விஷயத்துக்கு வரேன், நான் பழய புஸ்தகம் பைண்டிங் வேல பாக்கறவன், அதனால கொஞ்சம் வெவரமாச் சொல்றேன். முதல்ல லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க, ஊர்ல யாரு சொன்னாலும் கேக்காதீங்க, ஒரு தடவ போட்டா திரும்ப எடுக்க முடியாது. பின்னு, குண்டூசி, ஸ்டேப்ளர் இருந்தா மெதுவாக் கழட்டிருங்க, துரு காகிதத்தத் தின்னுரும். நீங்க சொன்ன ரப்பர் பால் நாளாக நாளாக பழுப்பாகி மொறுமொறுன்னு ஆயிரும், அத நகத்தால சுரண்டாதீங்க, தாளும் சேந்து வந்துரும், அப்படியே விட்டுருங்க. நோட்டுக்கு நடுவுல சுத்தமான வெள்ளத்தாள் வச்சு, படுக்க வச்சு, பருத்தித் துணியில சுத்தி வைங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டினா உங்க ஊரு ஈரத்துக்கு உள்ளயே வேர்த்துப் பூஞ்ச வந்துரும், மோல்மேன்ல வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யற மழ, மெட்ராஸ்ல பெய்யறத விட மூணு மடங்குக்கும் மேல. வசம்பு ஒரு துண்டு பக்கத்துல வைங்க, ஓலச்சுவடிக்கே அதத்தான் வப்பாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, போன்லயே போட்டோ எடுத்துருங்க, பிளாஷ் வேணாம், காலையில வாசல் நெழல்ல வச்சு நேரா மேல இருந்து எடுங்க. கார்பன் எழுத்து கைபட்டா தேஞ்சுரும், அத முதல்ல எடுங்க.

சென்னையில தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்னு இருக்கு, பழய தமிழ் அச்சுப் புஸ்தகமெல்லாம் அங்க பத்திரமா வச்சிருக்காங்க. கையெழுத்து நோட்ட எடுத்துக்குவாங்களான்னு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்க.

மோல்மேன்காரன்:
அண்ணே ரொம்ப நன்றி. போட்டோ நாளைக்கே ஆரம்பிக்கறேன்.

உள்ள என்ன இருக்குன்னும் சொல்றேன், நானே இப்பத்தான் ஒழுங்காப் பாக்கறேன். அம்மா தமிழ் எழுத்தத் தனியா சொல்லிக் குடுக்கல, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிஞ்ச பர்மா எழுத்துல இருந்து கூட்டிட்டு வராங்க. பர்மா பாடத்துல கஜீ, ககுவேன்னு ஆரம்பிச்சு க சத்தத்துக்கே நாலு எழுத்து வருமில்ல, நம்மகிட்ட அந்த நாலுக்கும் ஒரே க தான், அதுக்கு அம்மா எழுதியிருக்கறது, "ஒரு வீடு, நாலு பிள்ளைங்க, எல்லாருக்கும் ஒரே சட்ட, யாரு வந்திருக்கான்னு சத்தத்த வச்சுக் கண்டுபிடி". ப எழுத்துக்குப் பக்கத்துல பர்மா பசவுக்க வரஞ்சு, பர்மா ப வட்டச் சட்டி, தமிழ் ப கட்டப் பொட்டி, ரெண்டுக்கும் வாய் மேலதான்னு இருக்கு. நல்லாப் பாத்தா நெசமாவே ரெண்டும் ஒண்ணுதான், எல்லாம் ஒரே பழய எழுத்துல இருந்து வந்த அண்ணன் தம்பிங்கதானே.

எல்லாத்துலயும் பெரிய பாடம் ர. பர்மாவுல யகவுக்குன்னு ஒரு எழுத்து இருக்கு, எழுத்து பழய ர தான், ஆனா இப்ப வாயில ய ன்னுதான் வரும், ரங்கூன் யாங்கோன் ஆனதும் அப்படித்தானே. அதனால பர்மா ஸ்கூலுக்குப் போற நம்ம பிள்ளைங்க மரத்த எழுதச் சொன்னா ம போட்டு யகவுக்குப் போட்டு ம் போடும், அப்புறம் அதையே மயம்னு வாசிக்கும். இதுக்காகவே மூணாவது நோட்டுல ஒம்போது பக்கம் எழுதியிருக்காங்க. மரம், கரம், வரம், நரி, கரி, ஏரின்னு பக்கம் பக்கமா.

ஸ்கூல்ல மூணாங் கிளாஸ் நான் அம்மாகிட்டதான் படிச்சேன். மத்தவங்களோட எந்திரிச்சு "மிங்கலாபா சயாமா"ன்னு கத்தணும், அம்மான்னு கூப்பிடக் கூடாது. ஒரு நாளு காச்சல்ல வாய் தவறி அம்மான்னுட்டேன், கிளாஸே சிரிச்சுது, அவங்க சிரிக்கல, கிட்ட வந்து நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம என் சிலேட்ட எடுத்துப் பைக்குள்ள வச்சு வீட்டுக்குப் போன்னு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. ரெண்டு மைல் நடந்து தனியாப் போனேன். அவங்க வரல, 40 பிள்ளைங்கள விட்டுட்டு வர முடியாது. அன்னிக்குக் கோவம் இருந்துச்சு, இப்ப இல்ல.

கமாயுட் அக்கா:
தம்பி, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்கம்மா மேல எனக்கு அவ்வளவு மரியாத இருக்கு, எங்கம்மாவும் சயாமாதான், நானும் அப்படி ஒரு வீட்ல பொறந்தவதான். ஆனா இப்படி எழுதறவங்க எல்லாரும் பகல்ல ஸ்கூலு சாயங்காலம் தமிழுன்னு எழுதறீங்க, அந்தச் சாயங்காலத்துல ஒல வச்சது யாரு? எங்க வீட்ல நான். ஒம்போது வயசுல இருந்து சோறு வடிச்சேன். அம்மா தாழ்வாரத்துல அ ஆ சொல்லிக் குடுப்பாங்க, நான் அடுப்பாங்கரையில கடைசித் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு ஊதுகுழல் ஊதிக்கிட்டு இருப்பேன். எங்கம்மா கெட்டவங்க இல்ல, அவங்களும் விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு தோசக்கி மாவு ஆட்டுவாங்க, அத வித்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாங்க, சயாமா சம்பளத்துல ஒரு குடும்பம் சாப்பிட முடியாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சம்பளம் ஒழுங்கா இருந்திருந்தா அவங்களும் அப்படி ஓடியிருக்க வேணாம், நானும் அடுப்புக்குப் போயிருக்க வேணாம். தியாகம் தியாகம்னு சொல்லும்போது மூத்த பொம்பளப் பிள்ளயும் அதுக்குள்ள இருக்கா, அவளையும் எழுதுங்க. உங்க வீட்ல அக்கா இருக்காங்களா?

தட்டோன் மண்ணு:
இந்த நேரத்துல இதச் சொல்லணுமா அக்கா. பாவம் அந்தத் தம்பி.

கமாயுட் அக்கா:
எந்த நேரத்துலதான் சொல்றது அண்ணே. 50 வருஷமா எங்கள யாரும் கேக்கல.

சால்வீன் கரை:
அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. என் பொண்டாட்டியும் வீட்டுக்கு மூத்தவ, பக்கத்துல உக்காந்து படிச்சிட்டு தலய ஆட்டிக்கிட்டு இருக்கா.

ஞாயித்துக்கெழம வகுப்பு:
வணக்கம் அண்ணா. நான் இப்ப யாங்கோன் பக்கம் ஒரு கோயில்ல ஞாயித்துக்கெழம காலையில சின்னப் பிள்ளைங்களுக்குத் தமிழ் எடுக்கறேன், 14 பிள்ளைங்க வராங்க, வயசு ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்துப் பாடத்த எறக்கிப் பிரிண்ட் போட்டுத்தான் நடத்தறேன், நல்ல பாடந்தான், ஆனா அது தமிழ் பேசற பிள்ளைக்கு எழுதினது. எங்க பிள்ளைங்க வீட்லயே பர்மாதான் பேசுது. மரத்த மயம்னு வாசிக்கறத நீங்க எழுதினீங்க பாருங்க, போன வாரம் முழுக்க அதோடதான் நான் போராடினேன், எதனாலன்னு எனக்கே இப்பத்தான் புரிஞ்சுது, நானும் பர்மா ஸ்கூல்லதானே படிச்சேன். அந்த மூணாவது நோட்டு ஒம்போது பக்கம் மட்டும் முதல்ல போட்டோ எடுத்துப் போட முடியுமா அண்ணா? மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம். நூலகத்துக்குக் குடுக்கறது நல்லதுதான், ஆனா நோட்டு அங்க போயிட்டா இங்க உள்ள பிள்ளைக்குக் கெடைக்காது.

மோல்மேன்காரன்:
நாலு நாளா எழுதல, மன்னிக்கணும்.

கமாயுட் அக்கா கேட்டதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரல. எனக்கு அக்கா இருக்காங்க. கட்டிக் குடுத்து பெகு பக்கம் இருக்காங்க. மறுநாளு வைபர்ல கூப்பிட்டு, அக்கா, அம்மா நோட்டப் போட்டோ எடுக்கறேன், உனக்கும் அனுப்பவா, படிக்கறியான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "எனக்கு வாசிக்கத் தெரியாதேடா, உனக்குத் தெரியாதா?"

தெரியாது எனக்கு. ஒரே வீட்ல வளந்து, ஒரே தட்டுல சாப்பிட்டு, இத்தன வருஷமாத் தெரியாது. அக்கா தமிழ் நல்லாப் பேசுவாங்க, பிள்ளைங்க கோரஸா கூவின பாட்டு அத்தனையும் அடுப்பாங்கரையில காதுல விழுந்தே மனப்பாடம், என்னைய விட நல்லாச் சொல்லுவாங்க. அதனால தெரியும்னே எல்லாரும் நெனச்சுட்டோம். பர்மா வாசிப்பாங்க எழுதுவாங்க, அதுவும் அஞ்சாங் கிளாசோட நின்னுபோச்சு. ஊர்ல எத்தனையோ பிள்ளைக்குத் தமிழ் எழுதக் கத்துக் குடுத்த சயாமா பெத்த மூத்த மகளுக்கு அவங்க பேர தமிழ்ல எழுதத் தெரியாது.

அம்மா மேல கோவமான்னு கேட்டேன். இல்லன்னாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசினாங்க, அதுல ஒண்ண மட்டும் இங்க சொல்றேன். 87 செப்டம்பர்ல 25, 35, 75 ஜாட் நோட்டெல்லாம் ஒரே நாள்ல செல்லாதுன்னுட்டாங்கல்ல, மாத்திக் குடுக்கவும் இல்ல. கூரத் தகரம் மாத்த அம்மா தோச வித்துச் சேத்த காசு அத்தனையும் 75 ஜாட் நோட்டு. அன்னிக்கு ராத்திரி அம்மா அழுதத அக்கா மட்டும்தான் பாத்தாங்க, நாங்கல்லாம் தூங்கிட்டோம். கொஞ்ச நாள்ல புதுசா 45, 90னு நோட்டு வந்துச்சு, சந்தையில ஒருத்தருக்கும் சில்லர எண்ணத் தெரியல. அம்மா என்ன செஞ்சாங்க, செத்துப்போன அந்த 75 நோட்ட பின்பக்கம் 45, 90னு பென்சில்ல எழுதி, அடுப்பு முன்னாடி உக்காந்து அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்களாம். ரெண்டு 45 ஒரு 90, மூணு 45 எவ்வளவு, ரெண்டு 90 குடுத்தா மிச்சம் என்னன்னு. மறுநாளுல இருந்து தோச வியாபாரத்துல காச எண்ணினது அக்காதான். "அம்மா எனக்குன்னு தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான்டா, ஒரு மாசம் தெனமும் நடந்துச்சு, அந்த மாசம் ஒல வச்சது கூட எனக்குக் கஷ்டமாத் தெரியல"ன்னாங்க. அந்த நோட்டுல ரெண்டு இன்னும் அக்கா பொட்டியில இருக்காம்.

கமாயுட் அக்கா, நீங்க கேக்கலன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

கமாயுட் அக்கா:
தம்பி, இதப் படிச்சிட்டு வெளிய போய் உக்காந்துட்டேன். அக்காவுக்கு என் கும்பிடு சொல்லுங்க.

வியாசர்பாடி பர்மா:
அந்த ரெண்டு பணநோட்டையும் பாட நோட்டோட சேத்து வைங்க தம்பி. பென்சில் எழுத்து அழியாம இருக்கணும்னா மேல வழவழப்புத் தாள் ஒண்ணு வச்சு, தேய்க்காம வைங்க.

மோல்மேன்காரன்:
முடிவு பண்ணியாச்சு, தம்பியும் ஒத்துக்கிட்டான். 11 நோட்டையும் போட்டோ எடுத்து இங்கயே போடறேன், யாருக்கு வேணும்னாலும் எடுத்துக்கங்க, காசு பணம் வேணாம், அம்மா வாங்கினதில்ல. ஞாயித்துக்கெழம வகுப்பு தங்கச்சி கேட்ட ஒம்போது பக்கமும் இன்னிக்கே வந்துரும். அசல் நோட்டு கோயிலுக்கும் போகல, சென்னைக்கும் போகல, அக்காகிட்ட போகுது. வசம்பு வாங்கியாச்சு, பருத்தித் துணிக்கு அம்மாவோட பழய வாயில் சேல ஒண்ணக் கிழிச்சேன்.

முதல் நோட்டு போட்டோவ மட்டும் அக்காவுக்கு வைபர்ல அனுப்பினேன். பேத்தி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குதாம், அதுக்கு எட்டு வயசு, அந்த ஊருக் கோயில்ல தமிழ் படிக்குது. நேத்து ராத்திரி அக்கா ஒரு போட்டோ அனுப்பினாங்க, பேத்தியோட ஸ்கூல் நோட்டுல பேனாவால எழுதினது, ஒரே ஒரு வார்த்த. ம அழகா வந்திருக்கு, நம்ம ம தான், கட்டமா, அழுத்தி எழுதியிருக்காங்க. கடைசியில ம் இருக்கு, புள்ளியும் இருக்கு. நடுவுல வளஞ்சு நிக்குது யகவுக்கு.

தப்புன்னு சொல்லல. மூணாவது நோட்டு முதல் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பிட்டு, இதுல அம்மா உனக்குத்தான் எழுதியிருக்காங்க பாருக்கான்னு மட்டும் போட்டேன். பாத்துட்டாங்கன்னு வைபர் காட்டுது, இன்னும் பதில் வரல.